ரிப்போர்ட் மொபைலுக்கு வந்துடும்மா

1/ "ரிப்போர்ட் மொபைலுக்கு வந்துடும்மா, எடுத்துட்டு வந்து காட்டுங்க." ஒரு நாளைக்குப் பத்து பேர்கிட்டயாவது இதைச் சொல்லுவேன். அப்படிச் சொல்லி அனுப்பின ஒரு அம்மாவைப் பத்தி ஒரு த்ரெட்.

2/ அறுபது வயசு இருக்கும். மார்புல கட்டி. ஊசி மூலமா சதை எடுத்து பயாப்சிக்கு வெளி லேபுக்கு அனுப்பினோம். ஒரு வாரத்துல ரிப்போர்ட் வந்துடும். அவங்க வந்தது 23 நாள் கழிச்சு.

3/ "ஏம்மா இவ்ளோ நாள்?" கொஞ்சம் கோபமாவே கேட்டேன். "மெசேஜ் வந்துச்சு சார், அதுல எதைப் பாக்குறதுன்னு தெரியல. பெருசா ஏதாச்சும் இருந்தா நீங்களே கூப்பிடுவீங்கன்னு இருந்துட்டேன்." அவங்க வச்சிருந்தது பட்டன் ஃபோன். வந்தது ஒரு லிங்க்.

4/ ஆனா கையில ரிப்போர்ட் பிரிண்ட் இருந்தது. எடுத்துக் கொடுத்தது எங்க ஊர் கிளை நூலகர். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க அங்க போற பக்கத்து வீட்டுப் பொண்ணு கூட்டிட்டுப் போயிருக்கு.

5/ நூலகர் அந்த லிங்க்கை ஒவ்வொரு எழுத்தா கம்ப்யூட்டர்ல அடிச்சு, பட்டன் ஃபோனுக்கு வந்த ஓடிபியைப் போட்டுத் திறந்திருக்கார். பத்து நிமிஷ வேலை. உள்ளே புற்றுநோய்னு இருந்தது. அதைச் சொல்லல. "நாளைக்குக் காலைலயே டாக்டரைப் பாருங்கம்மா"ன்னு மட்டும் சொல்லியிருக்கார்.

6/ ஆபரேஷன் முடிஞ்சு இப்போ நல்லா இருக்காங்க. ஆனா வீணாப்போன நாளெல்லாம் என் கணக்கு. "மொபைல் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டேன். எந்த மாதிரி மொபைல்னு கேக்கல.

7/ 2021 மே மாசம் 18-44 வயசுக்குத் தடுப்பூசி திறந்தப்ப, முதல்ல கோவின்ல பதிவு பண்ணாத்தான் ஊசி. மே 24லதான் அரசு மையங்கள்ல நேர்ல வந்தும் பதியலாம்னு மாத்தினாங்க. ஆன்லைன் கதவைத் திறக்கும்போது பழைய கதவை மூடக் கூடாதுன்னு அப்பவே கத்துக்கிட்டிருக்கணும்.

8/ நூலகம் யாரோ செய்யற தர்மம் இல்ல. எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்களோட முயற்சியால 1948ல சென்னை மாகாணத்துல வந்ததுதான் சுதந்திர இந்தியாவோட முதல் பொது நூலகச் சட்டம். இன்னைக்கும் நாம கட்டற சொத்து வரியோட 10 சதவீதம் நூலக வரி சேருது. நம்ம காசு.

9/ எல்லாக் கிளை நூலகத்துலயும் கம்ப்யூட்டர் இல்ல. இருந்தா நெட் இல்ல. பல இடத்துல ஒரே ஆள். அந்த நூலகர் செஞ்சது அவரோட நல்ல மனசு. அதை வேலையாக்கி, கருவியும் ஆளும் கொடுக்கணும். கிராம சபையில, கவுன்சிலர்கிட்ட கேளுங்க.

10/ பொதுக் கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் எடுத்தா, முடிஞ்சதும் லாக் அவுட் பண்ணுங்க, டவுன்லோட் ஆன ஃபைலை அழிங்க. ஓடிபியை முடிஞ்சவரை நீங்களே அடிங்க. ஃபோன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்க.

11/ இப்போ பயாப்சி ரிப்போர்ட் எனக்கும் ஒரு காப்பி வருது. சீட்டுல தேதி போட்டுக் கொடுக்கறேன். அன்னைக்கு வரலேன்னா சிஸ்டர் கூப்பிடுவாங்க. சீட்டோட பின்பக்கம் கிளை நூலகத்துக்கு வழியும் எழுதறேன்.