பதிவேட்டை மேலிருந்து கீழாக

வருகைப் பதிவேட்டை எல்லோரும் இடமிருந்து வலமாகத்தான் படிக்கிறார்கள். ஒரு பெயர், அதன் எதிரே மாதத்துக்கான கட்டங்கள், கடைசியில் ஒரு கூட்டல். இந்தப் பிள்ளை ஒழுங்கு, அந்தப் பிள்ளை மட்டம் போடுகிற ஜாதி என்று தீர்ப்புச் சொல்ல அந்தக் கூட்டலே போதும். அதே தாளை மேலிருந்து கீழாக, கிழமை வாரியாகப் படித்துப் பாருங்கள். பிள்ளைகள் மெல்ல மறைந்து, அந்தப் பேட்டையின் வாரம் தெரிய ஆரம்பிக்கும்.

நான் இருக்கும் பேட்டை பாலாநகர். 1960-களில் ஐ.டி.பி.எல். மருந்து ஆலை, ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் மின்னணுப் பிரிவு, 1968-இல் கருவி வடிவமைப்புக்கான மத்திய நிறுவனம் என்று ஒவ்வொன்றாக ஹைதராபாத்தின் இந்த மூலையில் வந்து இறங்கின. பெரிய ஆலைகளுக்கு டையும் ஜிக்கும் போல்ட்டும் செய்துகொடுக்கச் சந்துக்குச் சந்து பட்டறைகள் முளைத்தன. ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்த அஞ்சி ரெட்டி பிறகு சொந்தமாக ஒரு பெரிய மருந்துக் கம்பெனியே கட்டினார். ஆலையோ 1990-களில் நொடித்துப் படுத்துவிட்டது. பட்டறைகள் படுக்கவில்லை. விடிந்தால் லேத் சத்தம், அடைந்தால் வெல்டிங் வெளிச்சம். அப்படி ஒரு டூல் ரூமில் உழைத்து ஓய்வு பெற்ற தமிழன் நான்.

அடுத்த சந்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. தெலங்கானாவில் சனிக்கிழமையும் பள்ளி உண்டு; இரண்டாம் சனி மட்டும் விடுமுறை. நான்காம் சனியைச் சில வருடங்களாகப் பை இல்லா நாள் என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் புத்தகமூட்டை இல்லாமல் வந்து கதை, பாட்டு, விளையாட்டு என்று இருக்க வேண்டும். தலைமை ஆசிரியை ஒருநாள் என்னைத் தெருவில் மடக்கி, “சார், சும்மாதானே இருக்கீங்க, வந்து ஏதாவது கதை சொல்லுங்களேன்” என்றார். சும்மா இருக்கிறேன் என்பதை மறுக்க முடியவில்லை. போனேன். தெலுங்கில் என் கதை தள்ளாடும். ஹிந்தியில் கொஞ்சம் நடக்கும். பிள்ளைகள் பெரிய மனதுக்காரர்கள். தாத்தா என்ற சொல்லுக்கு மட்டும் இங்கே மொழிச் சிக்கல் கிடையாது.

கதை சொல்லப் போனவன் கணக்குப் பார்க்கிறவனானது தனிக் கதை. மாதக் கடைசியில் மேடத்தின் மேஜையில் தாள்கள் குவிந்துவிடும். கூட்டலைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். இப்போது தெலங்கானா அரசுப் பள்ளிகளில் முகத்தைப் பார்த்து வருகை பதியும் செயலி வந்துவிட்டது. ஆசிரியர் கைப்பேசியை ஒவ்வொரு முகத்துக்கும் நேராகக் காட்டிக்கொண்டு வகுப்பைச் சுற்றுகிறார். பிள்ளைகளும் சினிமா போஸ்டருக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். ஆனாலும் கோடு போட்ட பதிவேட்டை மேடம் விடவில்லை. செயலி யார் வந்தார் என்று சொல்கிறது, தாள்தான் யார் எப்போதெல்லாம் வரவில்லை என்பதை ஒரே பார்வையில் காட்டுகிறது என்பது அவர் கட்சி. அனுபவத்தில் நானும் அந்தக் கட்சிதான்.

திங்கள்கிழமைப் பத்தியில் ஓட்டைகள் அதிகம். பட்டறைக்காரர்களுக்கு ஞாயிறுதான் ஒரே விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் சனி இரவு பஸ் ஏறித் திங்கள் மதியம் திரும்புவார்கள். எர்ரகட்டா ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான் விற்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திங்களன்று எழுந்திருக்கவே முடியாது. ஆடி பிறக்கும் சமயத்தில் போனாலு திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோல்கொண்டாவில் ஒரு ஞாயிறு, சிகந்தராபாத் உஜ்ஜைனி மகாகாளிக்கு ஒரு ஞாயிறு, லால்தர்வாஜாவுக்கு ஒரு ஞாயிறு என்று அம்மன்கள் முறைவைத்துப் படையல் வாங்குவார்கள். அரசு விடுமுறை விடுவது ஒரே ஒரு திங்கள். மற்ற திங்கள்களுக்கு அவரவரே விடுமுறை விட்டுக்கொள்கிறார்கள்.

முட்டை போடுகிற நாள்களில் கட்டங்கள் நிரம்பும். இங்கே வாரத்துக்கு மூன்று முட்டை. தமிழ்நாட்டில் பள்ளி நடக்கிற ஐந்து நாளும் உண்டு என்று சொன்னால் பிள்ளைகள் அந்த ஊருக்கு எந்த பஸ் என்று கேட்கிறார்கள். முட்டைக்காகத்தான் வருகிறார்கள் என்று முகத்தைச் சுளிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நாங்களும் அப்படித்தான் போனோம். காமராஜர் 1956-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மதிய உணவு, நான் படிக்கிற காலத்தில் கேர் நிறுவனம் கொடுத்த கோதுமை ரவையாகவும் பால் பவுடராகவும் தட்டில் விழுந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தந்தே ஆக வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு காலை உணவையும் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். பசி எடுத்தவன் சோறு இருக்கிற இடத்துக்கு வருவதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? வந்து உட்கார்ந்த பிறகு ஒன்பதாம் வாய்ப்பாடு எப்படியும் காதில் விழத்தான் போகிறது.

இதெல்லாம் மேடத்துக்கு முன்பே தெரிந்த சங்கதிகள். அவருக்கும் பிடிபடாத ஒன்று மூன்றாம் வகுப்புத் தாளில் இருந்தது.

ஒரு பெண் குழந்தை. கெட்டிக்காரி, நான் பாதியில் மறந்துவிட்ட கதையை எடுத்துக் கொடுப்பவள். அவள் பெயருக்கு எதிரே பாதிக் கட்டங்கள் காலி. திங்கள் இருக்காது, செவ்வாய் இருக்கும், புதன் இருக்காது. சரி, திங்கள், புதன், வெள்ளி வீட்டில் ஏதோ வேலை என்று நினைத்தால், அடுத்த வாரம் அந்த மூன்று நாளும் ஜம்மென்று வந்திருப்பாள். செவ்வாய், வியாழன், சனி இருக்காது. அதற்கடுத்த வாரம் பழையபடி. வகுப்பு ஆசிரியைக்கு அது வெறும் தான்தோன்றித்தனமாகப் பட்டது. கண்டித்தும் பார்த்திருக்கிறார். டூல் ரூமில் ஒரு பாகத்தின் அளவு இப்படி ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கினால் நாங்கள் இரும்பைத் திட்ட மாட்டோம், எந்திரத்தைப் போய்ப் பார்ப்போம். ஒன்றுவிட்டு ஒன்று என்பதற்கு வாரம் தெரியாது; ஏழு நாள் ஒற்றைப்படை, அதனால் அது வாராவாரம் கிழமை மாறி விழும். பாலாநகரில் ஒருநாள் விட்டு ஒருநாள் நடப்பது எது?

குழாய்த் தண்ணீர். ஹைதராபாத்தின் பெரும்பாலான பகுதிகளைப் போல எங்களுக்கும் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு அது சம்பில் போய் விழும், மோட்டார் மேலே ஏற்றிவிடும், கிழமைகூடத் தெரியாது. வரிசை அறைகளில் குடியிருப்பவர்களுக்கு ஆள் நின்று பிடிக்க வேண்டும். மேடம் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். “நீள்ளு வச்சே ரோஜு, மேடம்” என்றாள். தண்ணீர் வருகிற நாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள்போல மீதியையும் சொன்னாள். அம்மா கூகட்பல்லியில் அடுக்குமாடிகளில் வேலை செய்கிறாள். ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். அப்பாவுக்குப் பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட்; வந்து படுத்தால் எழுப்பக்கூடாது. எட்டு அறைகளுக்கு ஒரு குழாய். இவள் முறை வந்து இரண்டு டிரம்மும் குடங்களும் நிரம்புவதற்குள் பள்ளியில் பெல் அடித்துவிடும். தாமதமாகப் போனால் வாசலில் நிற்க வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் போகாமலே இருந்துவிடலாம். எட்டு வயதின் கணக்கு அது. ஒரு மணி நேரத் தாமதம் ஒரு முழுநாளை விழுங்கிக்கொண்டிருந்தது.

மேடம் செய்தது சின்னக் காரியம். “நேரமானாலும் வா. பெல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். வகுப்பு ஆசிரியையிடம் பேசி, முதல் பீரியடில் இருந்த கணக்கைச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடுக்கு மாற்ற வைத்தார். தண்ணீர் நாள்களில் அவள் பாவாடை ஓரம் நனைந்தபடி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்வாள். இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே நாள்களில் அதே வியாதி இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அவ்வளவு ஒழுங்காக விடுமுறை எடுக்காததால் தாளில் அகப்படவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் கிலோமீட்டர் என்பது காக்கைக்குத்தான் ஒரே அளவு. நர்சாப்பூர் சாலையில் 2021 ஜூலையில் ஆறு வழி மேம்பாலம் திறந்தார்கள், பாபு ஜகஜீவன் ராம் பெயரில். வண்டிகளுக்குப் பெரிய விடுதலை. கீழே, லாரிகளுக்கு நடுவே, முதல் வகுப்புக் குழந்தை குறுக்கே கடக்க இன்னமும் ஒரு கை வேண்டும். அந்தக் கை ஓர் அண்ணனுடையதாக இருந்து, அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் பதிவேட்டில் இரண்டு பேர் காலி. ஆண்டு விழாவில் முழு வருகைக்குப் பரிசு வாங்கிய பையனின் வீடு பள்ளிக்கு நேர் எதிரே. கூடவே திடகாத்திரமான ஒரு நானம்மா. பரிசைப் பாட்டியிடம் கொடுத்திருக்கலாம் என்று மேடத்திடம் சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு மட்டும் இந்த ஊரில் எடுபடக்கூடாது. பாலாநகர் மண்டலம் 2016 வரை ரங்கா ரெட்டி மாவட்டத்தில் இருந்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த சாந்தா சின்ஹா, தன் தாத்தா மாமிடிப்பூடி வெங்கடரங்கையா பெயரிலான எம்.வி. பவுண்டேஷன் வழியாக 1991 வாக்கில் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் பணியைத் தொடங்கியது அதே மாவட்டத்துக் கிராமங்களில்தான். பள்ளிக்கு வெளியே இருக்கிற பிள்ளை எதுவானாலும் அது உழைக்கும் பிள்ளைதான் என்று எடுத்த எடுப்பில் சொன்னார்கள். ஆடு மேய்த்தவர்களையும் பண்ணையில் அடகு கிடந்தவர்களையும் முகாமில் வைத்துப் படிப்பித்து, அவரவர் வயதுக்குரிய வகுப்பில் உட்கார வைத்தார்கள். படிக்கவைக்க ஆசையில்லாத ஏழைப் பெற்றோர் அபூர்வம், ஆசைக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவில்தான் நூறு இடைஞ்சல் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. 2003-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. என் கண்ணில் பட்ட ஆதாரம் இன்னும் எளிது. எங்கள் சந்திலேயே இரண்டு மாடி வீடுகளில் டெக்னோ, கான்செப்ட், டேலண்ட் என்ற பெயர்களில் தனியார் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே ஃபீஸ் கட்டுகிறவர்களில் பலர் இதே பட்டறைக்காரர்கள்தான். கட்ட முடியாமல் ஆகும்போது பிள்ளை இந்தப் பள்ளிக்கு வருகிறான், டையோடு.

வாரத்தைக் கலைப்பது வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 2024 நவம்பரில் தெலங்கானா அரசு வீடுவீடாகச் சாதிக் கணக்கெடுப்பு நடத்தியபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மதியம் ஒரு மணியோடு பள்ளி முடிந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கணக்கெடுப்பு தேவையானதுதான். ஆனால் அது முடிந்த பிறகும், ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடுகிற பழக்கம் சிலருக்கு டிசம்பர் வரை நீண்டது. பழக்கம் உடைய மூன்று வாரம் போதும், ஒட்டவைக்க அதைவிட அதிகம் ஆகிறது.

இப்போது மேடத்தின் கவலை மார்ச் 15. அன்றிலிருந்து ‘ஒண்டிபூட்ட படி’, அரைநாள் பள்ளி. வெயிலுக்காகக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுவார்கள். தண்ணீர் வருவதும் எட்டு மணிக்கு. கணக்கை எந்தப் பீரியடுக்கு நகர்த்தினாலும் மொத்தமே நாலரை மணி நேரம்தான். தண்ணீர் திறந்துவிடுகிற லைன்மேனைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறேன். ஒரு தெருவின் வால்வை அரை மணி முன்னால் திருப்புவது அவர் கையில் இருக்கிறதா, மேலே கேட்க வேண்டுமா தெரியவில்லை.

அதைத் தாண்டினால் ஏப்ரல் கடைசியில் பூட்டி, ஜூன் 12-இல் திறப்பார்கள். அதையொட்டி ‘படி பாட்ட’ என்று ஆசிரியர்கள் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். கோடையில் பிகாருக்கும் ஒடிசாவுக்கும் போன குடும்பங்களில் எத்தனை திரும்பின, எத்தனை அறை மாறிப் போயின என்று அப்போதுதான் தெரியும். தெலுங்குக்கு மேடம் இருக்கிறார், ஹிந்திக்கு நான் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒடியா பேச ஒருவர் வேண்டும். பவுடர் கோட்டிங் பட்டறையில் பாலாங்கீர்க்காரப் பையன் ஒருவன் இருக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன் என்கிறான்.