வராதவர்களின் வருகைப்பதிவு

பி.எட். சேர்க்கை நடக்கும் மாதங்களில் கல்லூரி அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கட்டணத்தை அல்ல. "தினமும் வரணுமா மேடம்?" என்றுதான் கேட்பார்கள். படிக்கச் சேர்க்கிறவர்கள் இப்படியும் கேட்பார்களா என்று புதிதில் எனக்குத் திகைப்பாக இருந்தது. பக்கத்து மேசை கிளார்க் அண்ணன்தான் விளக்கினார். "வர்றதுக்கு ஒரு ரேட்டு, வராததுக்கு ஒரு ரேட்டு மேடம். வராததுதான் ஜாஸ்தி."

தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்துச் சுயநிதிக் கல்லூரி அது. நான் அங்கே கணிதம் கற்பிக்கும் முறையை நடத்திக்கொண்டிருந்தேன். ஆள் குறைவு என்பதால் வருகைப்பதிவையும் பள்ளிகளுக்கு மாணவர்களை அனுப்பும் வேலையையும் சேர்த்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். பாடம் நடத்திய நேரத்தைவிட அலுவலகத்தில் உட்கார்ந்த நேரம் அதிகம். ஒரு ஆசிரியர் கல்லூரி எப்படி ஓடுகிறது என்பதை அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன்.

விதிகள் தெளிவானவை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். ஐம்பது பேர் ஒரு யூனிட். ஆண்டுக்கு இரண்டு யூனிட் என்றால் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 200 மாணவர்கள், அவர்களுக்கு 16 முழுநேர ஆசிரியர்கள்.

இந்தப் பதினாறு பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் எந்த விதியும் சொல்லவில்லை. சுயநிதிக் கல்லூரியில் அது மாணவர் கட்டணத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். ஓராண்டு இரண்டானதும், வேலைக்குத் தகுதித்தேர்வும் காத்திருக்கும்போது, சேர்கிறவர்கள் குறைந்தார்கள். நூறு இடத்தில் உண்மையாக வகுப்புக்கு வருகிறவர்கள் முப்பதைச் சொச்சம் பேர். அவர்கள் கட்டும் பணத்தில் ஆறேழு ஆசிரியர்களைத்தான் வைக்க முடியும். மீதிப் பேர் பட்டியலில் மட்டும் இருந்தார்கள். அவர்களுடைய சான்றிதழ் நகல்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன. முகங்களை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தாளாளரை வில்லனாக எழுதிவிடுவது சுலபம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நிலத்தை விற்றுக் கட்டிய கட்டடம் அது. "வராத பிள்ளைங்க கட்டுற காசுலதான்மா வர்ற பிள்ளைங்களுக்கு கரண்ட் பில் கட்டுறேன்" என்றார் ஒருநாள். கணக்கு நோட்டைப் பார்த்தவள் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. வராதவர்களின் பதிவேடு மட்டும் அவர் அறையில் தனியாக இருந்தது. அதை நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. மாதக் கடைசியில் யாரோ நிரப்பினார்கள்.

அந்த வருடம் என் பதிவேட்டில் ஒரு பெண் 71 சதவீதத்தில் நின்றாள். கைக்குழந்தைக்காரி. இரண்டு பஸ் மாறி வருவாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லீவு, முதல் பஸ் தவறினால் அரைநாள் போச்சு. இன்னொரு பதிவேட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் 86, 88 என்று அழகாக இருந்தது. வராதவர்களுக்குத்தான் வருகை சரியாக இருக்கும். வருகிறவர்களுக்குத்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்.

"அவளுக்கும் போட்டு விடுங்க மேடம், என்ன இப்போ" என்றார் கிளார்க் அண்ணன். இரக்கத்தில்தான் சொன்னார். நான் தாளாளரிடம் பேசிச் சனிக்கிழமைகளை வாங்கினேன். அவளோடு இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். குறைந்த நாட்களை உண்மையாகவே உட்கார்ந்து சரிக்கட்டினார்கள். கூடுதல் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நான் நடத்திய நல்ல வகுப்புகள் அவைதான்.

இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சிக்கு அவளை அவள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கே அனுப்ப முடிந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லை. போன மறுநாளே வகுப்பை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வழிகாட்ட வேண்டிய ஆசிரியர் அந்தப் பள்ளியில் இல்லவே இல்லை. நான் பார்க்கப் போனபோது தலைமை ஆசிரியர், "இவங்கள அடுத்த வருஷமும் அனுப்புங்க" என்றார். பயிற்சி மாணவி ஒரு காலியிடத்தைச் சம்பளமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் தந்த அறிக்கைதான் இந்த ஈராண்டுப் படிப்புக்குப் பின்னணி. அதே ஆணையத்தைச் சுட்டித்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டம் விற்கின்றன என்கிறது. 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்புதான் ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்று இரண்டானது, இரண்டு நான்காகப் போகிறது. ஆண்டைக் கூட்டினால் நிரப்ப வேண்டிய பக்கங்களும் கூடும். கோப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கும்வரை கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பணம் அல்ல. இரண்டு வருடம் வராமலே வருகை வாங்கியவர், மூன்றாம் வருடம் ஏதோ ஒரு பள்ளியில் கையில் பதிவேட்டோடு நிற்பார். நாற்பது பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவார். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? உளவியலும் கற்பித்தல் முறையும் அவர் படிக்காமல் போயிருக்கலாம். பதிவேடு எப்படிப் பொய் சொல்லும் என்பதை மட்டும் அவர் எங்களிடம் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போனார்.

கடைசியில் நான் தாளாளரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதே விதியின்படி ஒரு யூனிட்டுக்கு எட்டு ஆசிரியர்கள் போதும். இருக்கிற ஆறேழு பேரோடு இன்னும் ஒன்றிரண்டு பேரைச் சேர்த்தால், உண்மையாக வருகிற ஐம்பது பேரோடு இழுத்துப்பிடித்து ஓட்டலாம். லாபம் இருக்காது, இரண்டாவது பதிவேடும் இருக்காது. அவர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதும்மா" என்றார்.

விண்ணப்பக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அவர் மேசையில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை. கையெழுத்தும் போடவில்லை. நான் அங்கிருந்து விலகிய நாளில் அது அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.