கோபிக்குப் போனால் என்ன வாங்கலாம்?

கோபிசெட்டிபாளையம் என்றதும் அனேகம் பேருக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். வாய்க்காலும் வரப்பும் தென்னந்தோப்புமாக ஒரு காட்சி வந்துவிட்டால் போதும், "இது கோபி பக்கமாக்கும்!" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். ஊருக்குச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்றே ஒரு பட்டப் பெயர் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கொடிவேரி அணையில் ஆசை தீரக் குளிக்கிறார்கள். பாரியூர் அம்மனைத் தரிசிக்கிறார்கள். பச்சைமலை ஏறி முருகனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் பையைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? ஈரத் துணியும், கொடிவேரியில் தின்ற வறுத்த மீனின் வாசனையும்தான்!

வெனிஸுக்குப் போகிறவர்கள் மூரானோ கண்ணாடிச் சாமான் வாங்காமல் திரும்புவதில்லை. பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகரத்துக்குப் போனால் லேஸ். எந்தச் சந்தில் எந்தக் கடை என்பது வரை எழுதி வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கோபியையும் அதைச் சுற்றி ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் இருக்கும் ஊர்களையும் அப்படிச் சுற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நம் பத்திரிகைச் சித்திரக்காரரும் உடன் வந்தார். (அவருக்கு வாங்குவதில் ருசி இல்லை, தின்பதில்தான்.)

சனிக்கிழமையாகப் பார்த்துப் போவது நல்லது. கோபியை ஒட்டிய மொடச்சூரில் அன்றுதான் சந்தை. காய்கறி எந்தச் சந்தையிலும் கிடைக்கும். மொடச்சூரில் பார்க்கவேண்டியது பருப்பு. துவரை, உளுந்து, தட்டைப் பயறு, கொள்ளு என்று சாக்குச் சாக்காக வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளுப் பருப்புக் கடையாத வாரம் கிடையாது. அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் துவரை இல்லாமல் முடியாது. ஆகவே இங்கே வாங்குகிற பெண்களை ஏமாற்ற முடியாது. அவர்கள் எந்தச் சாக்கின் முன்னால் குனிகிறார்கள் என்று கவனித்துவிட்டு, நீங்களும் அங்கேயே குனியலாம்!

"செம்மண் கட்டுன பருப்புங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முழுத் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காயவைத்து, பிறகு உடைத்த பருப்பு அது. பாலீஷ் போட்ட பருப்பைப் போல் பளபளக்காது. பட்டணத்து மருமகள் பார்த்தால், "என்ன இது, அழுக்காக இருக்கிறதே!" என்பாள். வெந்த பிறகு அந்தப் பேச்சு வராது.

பட்டு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கோபி வட்டாரம் மல்பெரிக்கும் பட்டுக் கூட்டுக்கும் பெயர் பெற்றது. அதைக் கேள்விப்பட்டு, புடவை மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணி வந்தால் ஏமாற்றம்தான். இங்கே விளைவது கூடு. ஒரு நல்ல கூட்டைப் பிரித்தால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை வரும் என்பதைக் கேட்டு வியக்கலாம், உடுத்திக்கொள்ள முடியாது. புடவைக்குச் சிறுமுகைக்கோ காஞ்சீபுரத்துக்கோதான் போகவேண்டும்.

கோபியிலிருந்து ஈரோட்டுப் பாதையில் கவுந்தப்பாடி வருகிறது. இங்கே இறங்கவேண்டிய காரணம் நாட்டுச் சர்க்கரை. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் அச்சில் ஊற்றாமல், தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்குகிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்காக இங்கேதான் சர்க்கரை கொள்முதல் செய்கிறது. பழனியாண்டவருக்கே சப்ளை என்றால் நமக்கென்ன யோசனை?

யோசிக்கவேண்டியது நிறத்தைப் பற்றித்தான். பொன் போல் மின்னுகிற சர்க்கரையைக் கண்டால் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். வெளுப்புக்காக ரசாயனம் சேர்ப்பதும், அஸ்காவைக் கலப்பதும் உண்டு. அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அஸ்கா என்றால் இந்தப் பக்கத்தில் வெள்ளைச் சீனி. மங்கலான பழுப்பு நிறமாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, கரும்பு வாசனையோடு இருப்பதை வாங்குங்கள்.

இனி பவானி. உண்மையைச் சொன்னால் நாங்கள் புறப்பட்டதே இதற்காகத்தான்.

காவிரியும் பவானியும் கலக்கிற கூடுதுறையில் குளித்து, சங்கமேசுவரரையும் வேதநாயகி அம்மனையும் தரிசிப்பது முதல் காரியம். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்ற துரை 1804-ல் அம்மனுக்குக் காணிக்கையாகத் தந்த தந்தக் கட்டில் இங்கே உண்டு. பிறகு தெருவுக்கு வந்தால் எங்கே பார்த்தாலும் ஜமக்காளம்! சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக அடுக்கியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலமும், கலியாணப் பந்தியும், பாட்டுக் கச்சேரியும் இதன் மேல் உட்கார்ந்துதானே நடந்தன?

சீமைத் துணி வந்து இறங்கி நம் நெசவாளர் பிழைப்பைக் கெடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பவானியில் ஜங்கமர் சமூகத்தார் தடித்த வர்ண நூலைக்கொண்டு இந்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்பது வரலாறு. பிழைப்புக்காகக் கண்டுபிடித்த தொழில் ஊருக்கே பெயராகிவிட்டது. 2005-06-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு வெகு முன்னதாக, 1985-ல் வந்த மத்திய சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட சரக்கு.

சட்டம் இருக்கிறது, சந்தையும் இருக்கிறது. சோலாப்பூர் பக்கத்து விசைத்தறியில் ஓடிய விரிப்புகள் 'பவானி' என்ற பெயரில் விற்பதாக நெசவாளர்கள் வெகு காலமாக முறையிடுகிறார்கள். ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் என்பார்களே, அது இங்கே ஜமக்காளத்தைப் பற்றியே சொல்லப்படுகிறது! வெனிஸ்காரர்களுக்கும் இதே தொல்லைதான். அந்த மாகாண அரசு 1994-ல் சட்டம் போட்டு, மூரானோ கண்ணாடிக்கென்று தனி முத்திரை ஏற்படுத்தவேண்டி வந்தது. ப்ரூஜ் கடைகளிலும் யந்திர லேஸும் வெளிநாட்டு லேஸும் ஏராளம்.

ஒரு வீட்டில் தறியைப் பார்க்க அனுமதித்தார்கள். தரையில் குழி, குழிக்குள் கால். அகலமான ஜமக்காளத்துக்கு ஒருவர் கை எட்டாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் தள்ளும் நாடாவை அவர் பிடிக்க, அவர் தள்ளுவதை இவர் பிடிக்க, நெசவு நகருகிறது. நெய்துகொண்டிருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். துணைக்கு அவர் கணவர்.

"எப்படீங்கம்மா அசல் எது, போலி எது என்று கண்டுபிடிப்பது?" என்று கேட்டேன்.

"தூக்கிப் பாருங்க. நம்முளுது கனமா இருக்குமுங்க. ரெண்டு பேரு கை பட்டதில்லீங்களா, ஓரத்துல சித்த முன்னப் பின்ன இருக்கும். மிசினுல போட்டது லேசா, அளவெடுத்தாப்புல இருக்குமுங்க."

"பிள்ளைகள் தறிக்கு வருவதில்லையா?"

"பெரியவன் பெருந்துறைல கம்பெனிக்குப் போறானுங்க. மாசம் பொறந்தாச் சம்பளம் வந்துருது. இங்க பீஸுக்குத்தானுங்க கூலி. அவனெ என்னன்னு சொல்லிக் கூப்புடறதுங்க?" என்றவர், பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "இவரு முடியாம படுத்துட்டாருன்னா நான் மட்டும் இருந்து என்ன பண்ண? ஒத்தக் கையில தறி ஓடாதுங்களே."

சித்திரக்காரர் வரைவதை நிறுத்திவிட்டார்.

கடையில் நாம் நூறு ரூபாய் குறைத்து வாங்குவதால் அந்த அம்மாளின் கூலி உடனே குறைந்துவிடாது. நாம் விசைத்தறி விரிப்பை வாங்கினால் அவருக்குக் கூலியே கிடையாது. ஆகவே பேரம் பேசுகிற சாமர்த்தியத்தை இங்கே கொஞ்சம் வேறு பக்கம் திருப்பவேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து விற்பனை நிலையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியும் உண்டு. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், புடவைக் கடையில் இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லுகிறவர்கள்தானே நாம்!

பருத்தி ஜமக்காளம் தினசரி உபயோகத்துக்கு. செயற்கைப் பட்டு நூலில் பூக்கரை போட்டது கலியாணச் சீருக்கு. முதல் தடவை தனியாகக் குளிர்ந்த நீரில் நனைத்து எடுங்கள். மற்றத் துணியோடு போட்டால் வீட்டிலுள்ள வேஷ்டியெல்லாம் சிவப்பாகிவிடும்.

ஈரோட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுதும் நடக்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரா என்று வியாபாரிகள் வந்து மொத்தமாக அள்ளுகிறார்கள். நமக்கு வேண்டிய துண்டும் லுங்கியும் பாவாடைத் துணியும் வாங்கச் செவ்வாய்ப் பகல் தோதானது. மஞ்சளை மறக்கவேண்டாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொடி வாங்குவதைவிட விரலி மஞ்சளாக வாங்கி, ஒன்றை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்து, வீட்டில் அரைத்துக்கொள்வது மேல். சென்னிமலைப் போர்வைக்கும் இங்கிருந்தே பஸ் உண்டு.

திரும்பும்போது பஸ்ஸில் ஜமக்காள மூட்டையைக் காலடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்தவர் அப்படியே குனிந்து, மூட்டையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். ஒரு மூலையைப் பிரித்து ஓரத்தை விரலால் நீவினார்.

"பவானியேதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸீட்டுக்குப் போனார்.