கயிறில்லாத ஊஞ்சலும் திருவெம்பாவையும்

பாங்காக் செல்லும் நம்மவர்களைச் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அரண்மனைக்கும் அங்காடிகளுக்கும் அழைத்துச் சென்று திரும்பிவிடுகின்றன. பழைய நகரின் நடுவே உள்ள 'சாவ் சிங் சா' என்னும் மாபெரும் ஊஞ்சலை நின்று காண்போர் சிலரே. அதற்குக் கால்நடையே தக்க வழி; செலவும் சொற்பம்.

சாம் யோட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கு நோக்கி நிதானமாகக் கால் மணி நேரம் நடந்தால் போதும். வெயில் ஏறுமுன் புறப்படுவது நலம். நடைபாதையின் பாதியை உணவு வண்டிகள் அடைத்துக்கொள்வதால், முழங்கால் வலி உடையோர் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும். பம்ருங் முவாங் சாலையில் கடைதோறும் பொன்னிறப் புத்தர் திருவுருவங்கள் பிளாஸ்டிக் உறை போர்த்தி அமர்ந்திருக்கின்றன. பிக்குகளுக்குத் தானமளிக்கும் பொருள்கள் நிரம்பிய காவி நிற வாளிகள் அடுக்கடுக்காக உள்ளன. நம் சந்நிதித் தெருப் பூஜைச் சாமான் கடைகளே கண்முன் வரும்.

சாலை விரியும் இடத்தில் செந்நிறத் தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கின்றன. மேலே வேலைப்பாடு மிக்க குறுக்குச் சட்டம் உண்டு; கீழே பலகையுமில்லை, கயிறுமில்லை. முதலாம் ராமா மன்னர் 1784இல் நிறுவிய இவ்வூஞ்சல் 1920இல் இவ்விடத்திற்கு மாற்றப்பட்டது. இன்றுள்ள தூண்கள் ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு 2007இல் புதுப்பிக்கப்பட்டவை.

நம் மார்கழியை ஒட்டிய நாள்களில் சிவபெருமான் பூவுலகிற்கு எழுந்தருள்வதாகத் தாய்லாந்து அந்தணர்கள் கொண்டாடுவர். அப்போது ஆடவர் ஊஞ்சலில் உயர எழும்பி, கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவர். உயிருக்கே ஆபத்தான அந்த ஆட்டம் 1935இல் நின்றுபோயிற்று. வழிபாடு மட்டும் நிற்கவில்லை. அவ்விழாவின் பெயர் 'திரியம்பவாய் – திரிபவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையுமே அங்ஙனம் திரிந்து வழங்குகின்றன!

தின்சோ சாலையில் ஊஞ்சலுக்கு அருகிலேயே, அதே 1784இல் எழுந்த தேவஸ்தான் உள்ளது. வெண்சுவர்களுக்குள் சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனி மண்டபங்கள். வெண்ணாடையும் குடுமியுமாக விளங்கும் அந்தணர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஏடுகளில் கிரந்த எழுத்தில் தமிழ்ப் பாசுரங்கள் உள்ளன. ஓதும்போது ஒலி வெகுவாக மாறிவிட்டமையால் தமிழறிந்தவர் செவிக்கும் சொற்கள் எளிதில் பிடிபடா. ஓதுவோருக்கும் பொருள் தெரியாது. இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. பொருள் தெரிந்த வீடுகளில் மார்கழி விடியலில் மாணிக்கவாசகரின் இருபது பாடல்களும் எத்தனை நாள் ஒலிக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் அந்நகைப்பு அடங்கிவிடும்.

தேவஸ்தானில் நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம்.

சைவ உணவு தேடுவோர் வந்த வழியே தெற்கே திரும்பி, இந்தியர் கடைகள் நிறைந்த பாஹுரத் வீதிக்கு நடக்கலாம். வழியில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று பொறித்த வண்டி தென்பட்டாலும் தயங்க வேண்டியதில்லை. அங்கே புலால் சேர்ப்பதில்லை. பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு.