பண்புகள் பல, மாற்றம் ஒன்று

இணையப் பக்கமொன்றின் திரையிலே தோன்றுவன யாவும் அதன் பின்னேயுள்ள தரவுக் களஞ்சியத்தின் நிழல்களே. களஞ்சியத்தில் ஒரு மதிப்பு மாறினால் நிழல் தானாகவே மாறவேண்டும். 2014இல் வெளியான வியூ என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரற்சட்டகம் இவ்வெண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டது.

ஒரு பண்பு மட்டும் மாறுமிடத்துச் சிக்கலில்லை. பல பண்புகள் ஒருங்கே மாறவேண்டியவிடத்தேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. புகையிரதப் பயணச்சீட்டுப் பதிவிலே வண்டி, நேரம், இருக்கை, கட்டணம் என்னும் நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பயணி பகல் வண்டியை விடுத்து இரவு வண்டியைத் தெரிவு செய்கிறார். வண்டி மாறியும் கட்டணம் மாறாதிருக்கும் கணமொன்று திரையிலே தோன்றுமாயின், அக்கணத்திற் பக்கம் சொல்வது பொய்யாகும். அவர் அப்போதே பொத்தானை அழுத்திவிடவும் கூடும்.

வியூ இதனை ஓரளவு முன்னுணர்ந்துள்ளது. ஒரே ஓட்டத்தில் நிகழும் மாற்றங்களையெல்லாம் வரிசையிலே சேர்த்துவைத்து, ஓட்டம் முடிந்தபின் ஒருமுறையே திரையைப் புதுப்பிக்கின்றது. ரியாக்ட் இவ்வசதியை எல்லாவிடத்துக்கும் விரித்தது 2022இல் வெளிவந்த 18ஆம் பதிப்பிலேதான். பயில்வோர் பலர் இவ்வரிசையை நம்பியே அயர்ந்துவிடுகின்றனர். இடையிலே சேவையகத்தின் விடைக்காகக் காத்திருக்க நேர்ந்தால் ஓட்டம் அறுந்துவிடும். முன்னவை திரையேறிவிடும், பின்னவை வழியிலே நிற்கும். ஆதலின் விடையனைத்தும் வந்துசேரும்வரை களஞ்சியத்திற் கைவையாதிருத்தலே தக்கது. வந்தபின், பீனியா என்னும் களஞ்சியத்திலுள்ள 'பட்ச்' முறை (டொலர்க் குறியோடு தொடங்கும் அதன் பெயர் பார்வைக்கு விந்தையானதே) பண்புகளை ஒரு பொதியாகவோ ஒரு செயற்கூறாகவோ ஏற்று, ஒரே மாற்றமாகப் பதிவு செய்கின்றது.

பொருளையே அகற்றிவிட்டு அம்மாறியிற் புதியதொன்றை வைத்துவிடலாமே எனப் புதியவர் எண்ணுவர். அவ்வாறு செய்யின், பழைய பொருளை நோக்கிக்கொண்டிருக்கும் திரை புதியதனை அறியாது. வியூவின் இரண்டாம் பதிப்பிலோ, தொடக்கத்தில் இல்லாத பண்பொன்றைப் பின்னர்ச் சாதாரணமாகச் சேர்த்தாலும் அது காணப்படாமலே போயிற்று. 2020இல் வந்த மூன்றாம் பதிப்பு புறொக்ஸி என்னும் இடைப்பொருளைக் கையாண்டு இக்குறையை நீக்கிற்று. ஆயினும் புறொக்ஸி தன் வழியாகச் செல்வனவற்றையே அறியும். களஞ்சியத்திலிருந்து எண்ணொன்றைத் தனியே பிரித்தெடுத்து அந்தப் பிரதியை மாற்றுபவர், வாயிற்காவலன் காணாதவாறு மதிலேறிச் சென்றவரை ஒப்பர். பிரதியிலே கட்டணம் மாறியிருக்கும். பயணியின் திரையிலோ பழைய தொகையே நிற்கும்.