கடலோரத்து நல்ல தண்ணி

"உங்க ஊர்ப் பக்கம் பாக்க என்ன இருக்கு?" என்று நகரத்திலிருந்து படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். கருப்பட்டி வாங்க உடன்குடிக்கு வருகிறீர்கள், தசராவுக்குக் குலசேகரப்பட்டினம் வருகிறீர்கள், திருச்செந்தூரில் சாமி கும்பிடுகிறீர்கள். அதோடு வண்டியைத் திருப்பிவிடுகிறீர்கள். திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலை ஒட்டிச் சுமார் 18 கிலோமீட்டர் வந்தால் மணப்பாடு. இன்றைக்கு அந்த ஊர்தான். ஆனால் அலையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நான் கடல்காரன் இல்லை, கொடிக்கால்காரன்.

இந்தப் பங்குனியில் என் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. வருஷத்துக்கு ஒருதரம் சிநேகிதர்களோடு கோவா போகிறவன், "மாமா, மணப்பாடு போவோமா?" என்று அவனாகவே கேட்டான். விடியக்காலையில் என் பழைய டிவிஎஸ் வண்டியில் கிளம்பினோம். ரெண்டு பக்கமும் பனையும் உடைமரமும், நடுநடுவே முருங்கைத் தோட்டம்.

ஊருக்குள் பெரிய பெரிய பழைய வீடுகள் நிற்கின்றன. சிலோன் வியாபாரத்தில் சம்பாதித்த காலத்தில் கட்டியது. பல வீட்டில் பூட்டுத்தான் தொங்குகிறது. ஊருக்கு அந்தப் பக்கம், கடலுக்குள் மூக்கை நீட்டின மாதிரி ஒரு மணற்பாறைக் குன்று. அதன் மேல் 1581-ல் கட்டின திருச்சிலுவை ஆலயமும், கலங்கரை விளக்கமும். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வந்தீர்கள் என்றால் கால் வைக்க இடம் கிடைக்காது. நாங்கள் போன அன்றைக்கு மேலே நாலு பேர்கூட இல்லை. காற்று மட்டும் வேட்டியைப் பிடித்து இழுத்தது. கீழே கட்டுமரக்காரர் ஒருத்தர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

மேலேயிருந்து பார்த்தால் கருமேனியாறு கடலில் சேருகிற இடம் தெரியும். ஆறு என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்திட்டு வாயை அடைத்துக்கொண்டு உள்ளே குளம் மாதிரி நிற்கும். 2023 டிசம்பரில் பெய்த மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணியும் கடலுக்குத்தான் போச்சு. எங்களுக்கு மிச்சம் உடைந்த குளக்கரைகள்.

குன்றின் கடல் பக்கத்தில் குகை இருக்கிறது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கி ஜெபம் பண்ணின இடம். அவருக்கு முன்னாலேயே ஒரு சைவச் சாமியார் அதில் இருந்தார் என்று சொல்கிறார்கள். உள்ளே போனால் வெயில் சட்டென்று நின்றுபோகும், அலைச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கும். மெழுகுவர்த்தி வாசனை. அங்கே ஒரு சின்னக் கிணறு. மருமகன் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, உப்பே இல்ல! பத்தடில கடல் கெடக்கு. எப்டி?"

பத்தடி இல்லை, ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்தவர்கள் எல்லாரும் இதையே கேட்டிருப்பீர்கள். அங்கேயும் கடல் பக்கத்தில்தான், தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கும். கோயிலுக்கு வடக்கே வள்ளி குகையும் இதே மாதிரி கடலைப் பார்த்த மணற்பாறையில் குடைந்ததுதான்.

புண்ணியம் ஒரு பக்கம் இருக்கட்டும். சம்சாரிக்குத் தெரிந்த கணக்கு வேறு. கடற்கரைக்கு உள்ளே எங்களுக்குச் செம்மண் தேரி இருக்கிறது. குதிரைமொழித் தேரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சினிமாக்காரர்கள் பாலைவனம் வேண்டுமென்றால் வருகிற இடம். ஆடிக் காற்றில் அந்த மண் பறந்து வந்து சோற்றில் விழும். பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் தெரியாது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை ஓடவிடாமல் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை அந்தத் தேரிக்கு நடுவில்தான் கிடக்கிறது. உள்ளே இறங்கின மழைத்தண்ணி மணலுக்குள் மெதுவாக நடந்து கடற்கரைக்கு வருகிறது. உப்புத்தண்ணி கனம், நல்ல தண்ணி லேசு. அதனால் கீழே கடல்தண்ணியும், அதன் மேல் நல்ல தண்ணியும், மோரில் வெண்ணெய் மிதக்கிற மாதிரி நிற்கும்.

நிலத்தடி நீர் பற்றி ஒரு கூட்டத்தில் சொன்ன கணக்கு எனக்கு மறக்கவே இல்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். மேலே அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். மழை பெய்தால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். உப்பு ஏறுவது சீக்கிரம், இறங்க வருஷக்கணக்காகும்.

எங்கள் கிணறு 38 அடி. எங்க அய்யா காலத்தில் அந்தத் தண்ணியில்தான் வெற்றிலை. உடன்குடி வெற்றிலைக்கு அப்போது தனி மவுசு. அகத்திக்கால் நட்டு, கொடி படரவிட்டு, கவுளி கவுளியாக அடுக்கி அனுப்பினோம். சுற்றி 200 அடி, 300 அடி என்று போர் இறங்க இறங்க, எங்கள் கிணற்றில் ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. மோட்டார் போட்டால் முதல் அரைமணி நேரம் நல்ல தண்ணி, அப்புறம் நாக்கில் கரிக்கும். வெற்றிலை பொல்லாத பயிர். கொஞ்சம் உப்பு பட்டாலும் ஓரம் கருகிவிடும். ரெண்டு வருஷம் போராடிவிட்டுக் கொடிக்காலை அழித்தேன். இப்போது அங்கே முருங்கையும் தென்னையும்.

குகையில் மருமகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அவனுக்கு வேறு நினைப்பு இருந்தது, அது வெளியே வந்து மணலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மணப்பாட்டுக்கும் குலசைக்கும் நடுவில் எங்க அய்யா விட்டுப்போன பனங்காடு 1 ஏக்கர் 40 சென்ட் இருக்கிறது. குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினதிலிருந்து புரோக்கர்கள் வாரம் ஒருத்தர் வருகிறார்கள். இவன் விற்கச் சொல்லவில்லை. சிநேகிதர்கள் ரெண்டு பேரோடு சேர்ந்து அந்தக் காட்டில் விடுதி கட்டலாம் என்கிறான்.

"பத்து ரூம், ஒரு ஸ்விம்மிங் பூல். சனி ஞாயிறு ஃபுல் ஆயிரும் மாமா. பனைய வெட்ட மாட்டோம். அதுதான் அழகே."

பனையை நினைத்தபடி வெட்டவும் முடியாது. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நிலத்தில் தங்கச்சிக்கும் பங்கு உண்டு, அதனால் அவன் கேட்பது நியாயம்தான். வாயை மூடு என்று நான் சொல்ல முடியாது.

வண்டியை நேராகப் பனங்காட்டுக்கு விட்டேன். 62 பனை. பாளை விட்டதில் 30-ஐப் பனையேறி அண்ணாச்சி இந்த வருஷம் கட்டியிருக்கிறார். விடிலியில் அவர் வீட்டம்மா பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், புகையோடு சேர்ந்து கருப்பட்டி மணம். காட்டு மூலையில் ஒரு ஊற்று இருக்கிறது, ஆழம் 12 அடி. கோடையில் கடற்கரைத் தெருப் பெண்கள் குடத்தோடு அங்கேதான் வருவார்கள். அன்றைக்கும் மூணு குடம் வரிசையில் இருந்தது.

"மருமவனே, உன் விடுதிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

போனை எடுத்துக் கணக்குப் போட்டான். "பத்தாயிரம் லிட்டர் வெச்சுக்கோங்க. போர் போட்டுக்கலாம்."

"இந்த ஊத்துல ஒரு நாளைக்கு அம்பது குடம் ஊறும்."

"அப்ப டேங்கர்ல வாங்கிக்கலாம் மாமா."

"டேங்கர்காரன் எங்கேருந்து எடுப்பான்?"

அவன் பதில் சொல்லவில்லை. கோபமும் இல்லை. ஊற்றுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு அக்கா, "தம்பி, செருப்ப அங்கிட்டு கழத்திட்டு வாங்க" என்று அதட்டினாள். கழற்றிப் போட்டான்.

ராத்திரி தங்கச்சி போனில் பேசினாள். பிள்ளை ஆசைப்படுகிறான், சும்மா கிடக்கிற காடுதானே அண்ணே என்றாள். சும்மா கிடக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். போர் போடாமல், பூல் இல்லாமல், ரெண்டு மூணு ஓலைக் கொட்டகை என்றால் நான் கையெழுத்துப் போடத் தயார். அதில் லாபம் வருமா என்று மருமகன் சிநேகிதர்களைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான். ஆடி வரைக்கும் காடு பனையேறி அண்ணாச்சிக்குப் பாட்டம். அதற்குள் தங்கச்சி ஒருதரம் வருகிறேன் என்றிருக்கிறாள்.