ஒழுகும் இடமும் சொட்டும் இடமும்

திருகோணமலையில் எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டவுடன் வெளியூரார் சீனக்குடாத் தாங்கிகளையே நினைப்பர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அத்தாங்கிகளுள் ஒன்று பற்றியெரிந்த கதையை ஊர் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் இங்கு எழுதப் புகுந்த எண்ணெயோ ஒரு சிரட்டையை நிரப்பவும் போதாதது. ஆயினும் அதனால் எமது இல்லத்தில் எழுந்த விவாதம் சிறியதன்று.

எம் தகப்பனார் விட்டுச் சென்றவற்றுள் 1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. கார் ஒன்றும் உண்டு. இருவர் மட்டும் அமரத்தக்க திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1955 முதல் 1962 வரை இவ்வகையில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. தோற்றம் உல்லாசமாயினும் உள்ளே இருப்பது குடும்பக் கார்களின் எஞ்சின்தான்; பழைய மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும், தமிழ்நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடருக்கும் நெருங்கிய உறவு.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் அவ்வண்டி பல மாதங்கள் உவர்மலையிலுள்ள எமது கொட்டகையிலேயே நின்றது. பின்னர் கந்தளாய் வரை ஓட்டிச் சென்று திரும்பிய அன்றிரவு, வண்டியின் கீழே சாப்பாட்டுத் தட்டளவு கறை. கராஜ்காரர் குனிந்து பார்த்தார். "பின் பெயரிங்கால் ஒழுகுகிறது, ஐயா. எஞ்சினை இறக்காமல் முடியாது" என்றார். உதிரிப்பாகங்களின் விலை அப்போது வானளவில் நின்றது. தம்பி, விற்றுவிடலாம் என்றார். கொழும்பிலிருந்து ஒருவர் விலையும் பேசிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் கொட்டகைக்குச் சென்று, வண்டியின் கதவில் கை வைத்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். அதைப் பார்த்த பின்னரே நாம் இவ்விடயத்தை ஊன்றி ஆராயத் தொடங்கினோம்.

இந்த எஞ்சினின் சுழல்தண்டுக்குப் பின்புறத்தில் இறப்பர் சீல் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகத் திருகாணியின் புரிபோன்ற சுற்று ஒன்று வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது, வெளியே வர முயலும் எண்ணெயை அப்புரி உள்ளே திருப்பிவிடும். எஞ்சின் நின்றபின் இரண்டொரு சொட்டு வெளியேறுவது அதன் பிறவிக் குணம், நோயன்று. அச்சொட்டு வெளியேறுவதற்கென்றே கிளச் கூட்டின் அடியில் ஒரு துளையும், அது அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்க ஒரு பிளவூசியும் வைத்திருக்கிறார்கள். அத்துளையை அடைத்துவிட்டால் நிலம் சுத்தமாக இருக்கும் என்று யோசனை கூறுவோரும் உளர். அடைத்தால் எண்ணெய் உள்ளே தேங்கிக் கிளச்சை நனைக்கும், கிளச் வழுக்கும்.

ஆனால் எமது வண்டியில் விழுந்தவை இரண்டொரு சொட்டுகள் அல்லவே! கூரை ஒழுக்கைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஓடு உடைந்தது ஓரிடம், நீர் சொட்டுவது வேறிடம். இடையில் மரத்தைப் பற்றி நீர் நடந்து வரும். எஞ்சினிலும் அவ்வாறே. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். எங்கே தொடங்கினாலும் முடிவில் அந்தப் பின் துளைக்கருகே வந்து சேரும். பழி பின் பெயரிங்குக்கு.

எனவே எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, நன்கு உலரவிட்டோம். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவினோம். உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை ஓர் ஓட்டம். பின்பு எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின் டோர்ச் விளக்கும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தோம். மேல் மூடியைச் சுற்றிப் பவுடர் வெண்மை மாறாமல் இருந்தது. எண்ணெய் அழுத்தமானிக்குச் செல்லும் குழாயும் உலர்ந்தே இருந்தது. புகைபோக்கிக் குழாய்களுக்குப் பின்னே, எஞ்சினின் பக்கவாட்டில், இரண்டு தகர மூடிகள் உண்டு. அவற்றுள் பின் மூடியின் அடியிலிருந்து ஒரு கருங்கோடு நேரே கீழிறங்கியது. பெயரிங்குக்கும் அதற்கும் ஒரு சாண் தூரமும் இராது!

கராஜ்காரரை மீண்டும் அழைத்துக் காட்டினோம். அவர் நல்ல மனிதர். முகம் கோணாமல் அன்றைக்கே மூடியைக் கழற்றினார். தக்கையாலான கஸ்கெற் கருவாடுபோல் காய்ந்திருந்தது. ஆனால் நீண்ட நாள் காய்ந்திருந்த தக்கை இப்போது மட்டும் ஏன் இவ்வளவு ஒழுக வேண்டும்? அதற்கு விடை முன் மூடியில் கிடைத்தது. எஞ்சின் மூச்சு விடுவதற்காக அம்மூடியிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்குகிறது. அதன் வாயில் குளவி ஒன்று மண்ணால் கூடு கட்டியிருந்தது. வண்டி கொட்டகையில் நின்ற மாதங்கள் குளவிக்கு வாய்ப்பாயின. எஞ்சினுள் சேரும் வாயு வெளியேற வழியின்றி, பலவீனமான இடத்தால் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது.

கம்பி விட்டுக் குழாயைத் துப்புரவாக்கினோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய தக்கைத் தாளிலிருந்து புதிய கஸ்கெற் வெட்டப்பட்டது. மூடியை நடுவில் ஒரேயொரு ஆணிதான் பிடித்திருக்கிறது. அதை மிக இறுக்கினால் தகரம் வளைந்து மறுபடியும் ஒழுகும் என்று கராஜ்காரரே எச்சரித்தார். எஞ்சின் இறங்கவில்லை.

கொழும்பு அன்பருக்கு, விற்பதாக இல்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டோம். இரவில் இன்னும் இரண்டு மூன்று சொட்டுகள் விழுகின்றன. அவற்றுக்காக ஒரு பழைய தகரத் தட்டில் கடல் மணல் பரப்பி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை மணலை மாற்றுவது அம்மாவின் பொறுப்பு. வேறெவரையும் அவர் விடுவதில்லை.